மழைச் செய்தி யாருக்குப் போகக் கூடாது

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு என்னைத் தெரிந்திருக்க வழியில்லை. உங்களில் யாரோ ஒருவர் இப்போது உட்கார்ந்திருக்கும் ஜன்னலோர மேசையில் நான் பல வருஷம் உட்கார்ந்திருந்தேன். வேலை நேரத்தில் வெளியே வேடிக்கை பார்க்கிறவள் என்று எனக்குப் பெயர். "மேடம் தூங்கல, யோசிக்கிறாங்க" என்று என்னோடு வேலை செய்த ஷாகிரா எனக்காக வாதாடுவாள். பாதி நேரம் தூங்கித்தான் போயிருப்பேன். மீதி நேரத்தில் செய்த வேலைகளில் ஒன்றை உங்களுக்குச் சொல்கிறேன்.

என்ன மென்பொருள், எந்த சர்வர் என்றெல்லாம் கேட்காதீர்கள். அவை நான் ஓய்வு பெறுவதற்குள்ளேயே மாறிவிட்டன. மாறாதது ஒன்றுதான். எங்கோ ஏதோ நடக்கிறது; அதற்கு ஈவென்ட் என்று பெயர் வைக்கிறோம்; அதை யார் யாருக்குத் தெரிய வேண்டுமோ அவரவருக்குப் பிரித்து அனுப்புகிறோம். இந்தப் பிரிக்கிற இடத்தில்தான் நம் பிழைப்பு ஓடுகிறது. நம் தலைவலியும் அங்கேதான் இருக்கிறது.

மரக்காணத்தில் உப்பளம் வைத்திருந்த தணிகாசலம் என்பவர் ஒருநாள் நம் புதுச்சேரி அலுவலகத்துக்கு வந்தார். வெள்ளை வேட்டி, கையில் இரண்டு போன். கோடை மழை திடீரென்று வந்து குவித்து வைத்த உப்பைக் கரைத்துவிடுகிறது, முன்கூட்டியே தெரிந்தால் மூடிக்கொள்ளலாம் என்றார். "மழை வர்றது எனக்குத் தெரியணும், அளத்துல வேலை செய்யறவங்களுக்கும் தெரியணும். அவ்ளோதான் மேடம்." அவ்வளவுதான் என்று யார் சொன்னாலும் நீங்கள் ஒரு தடவை ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தேன். ஆனாலும் ஒப்புக்கொண்டோம்.

மரக்காணத்துக்குப் போகிற நாட்களில் நான் பெரிய முதலியார்சாவடியில் பஸ் ஏறுவேன். ஷாகிரா கூனிமேட்டில் ஏறி என் பக்கத்தில் உட்காருவாள். நம் அலுவலகத்தில் அவளைப் போல வேகமாகப் புரோகிராம் எழுதுகிறவர்கள் யாரும் இல்லை. அவளைப் போல வேகமாகப் பேசுகிறவர்களும் இல்லை. மரக்காணம் வந்ததும் அவள்கூட அமைதியாகிவிடுவாள். அந்த இடம் அப்படி. பாத்திகளில் தண்ணீர் அசையாமல் நிற்கும். மேலே இருக்கிற வானம் அப்படியே கீழேயும் கிடக்கும். தரை எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. தூரத்தில் உப்பு வாருகிற பெண்கள் கால் இல்லாமல் நகர்வார்கள். வெயிலில் அவர்களுடைய புடவைகளின் சிவப்பும் பச்சையும் மட்டும் காற்றில் ஆடும். அங்கே நின்றுகொண்டு செய்த வேலை எதுவும் வேலை மாதிரியே தோன்றியதில்லை. இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்த வெள்ளைதான் வருகிறது.

அளத்தின் நடுவிலும் ஓரத்திலுமாகக் கம்பங்கள் நட்டோம். மழை, காற்று, மின்னல் மூன்றையும் மோப்பம் பிடிக்கிற கருவிகளை அவற்றில் மாட்டினோம். தண்ணீர் இறைக்கிற மோட்டார் நின்றால் மெக்கானிக்குக்குச் செய்தி. உப்புத் தண்ணீரின் அடர்த்தி, அவர்கள் பாஷையில் டிகிரி, ஏறினால் முதலாளிக்கு. மழை என்றால் எல்லோருக்கும். வாய்க்காலில் தண்ணீர் பிரிவதையும் நம் பைப்லைனையும் ஒப்பிட்டு ஒரு படம் வரைந்து காட்டலாம் என்று உங்களுக்கு ஆசை வரும். நான் வரைந்து காட்டினேன். தணிகாசலம் கொட்டாவி விட்டார்.

முதல் சோதனை நாளில் ஷாகிரா பொத்தானை அழுத்தினாள். அளத்தின் ஓரத்தில் உப்பு மூட்டை அடுக்குகிற சிமெண்ட் குடோன் ஒன்று உண்டு. அதன் சுவரில் வரிசையாக மாட்டியிருந்த ஒயர் கூடைகள் எல்லாம் ஒரே நேரத்தில் பாட ஆரம்பித்தன. ஒன்றில் சாமி பாட்டு, ஒன்றில் குழந்தை சிரிப்பு, ஒன்றில் ஏதோ சினிமா. கேட்க ஆள் இல்லை. உப்புத் தண்ணீர் பட்டால் போன் வீணாகிவிடும் என்று அங்கே யாரும் போனைப் பாத்திக்குள் கொண்டுபோவதில்லை; சோற்றுத் தூக்கோடு கூடையில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். படுத்திருந்த நாய் ஒன்று தலையைத் தூக்கி எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

சரி என்று, கல்யாண வீடுகளுக்கு மைக் செட் கட்டுகிறவரிடம் பெரிய குழாய் ஸ்பீக்கர்கள் இரண்டும் ஒரு மைக்கும் வாங்கினோம்; ஸ்பீக்கர்களைக் கம்பத்தில் கட்டி, மைக்கைக் குடோனில் வைத்தோம். மழைச் செய்தி வந்தால் அதுவே "மழை வருது, மழை வருது" என்று பேசும். ஷாகிராவின் குரல்தான். தணிகாசலத்துக்கு மிகவும் பிடித்துவிட்டது. இரண்டு தடவை மழைக்கு முன்னால் உப்பை மூடிவிட்டார்கள். எங்களுக்கு ஆளுக்கொரு தூக்குவாளி நிறைய நண்டு கொடுத்து அனுப்பினார்.

மின்னலை நாங்கள் மழையோடு சேர்த்துவிட்டிருந்தோம். இடி மின்னல் வந்தால் மழையும் வரத்தானே போகிறது, இரண்டும் ஒரே ஈவென்ட், ஒரே வழியில் போகட்டும் என்று எல்லோரும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்தோம். காகிதத்தில் அது எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா?

ஒரு மத்தியானம். கருவிகளைத் துடைத்துச் சரிபார்க்க நானும் ஷாகிராவும் போயிருந்தோம். சாப்பிட்டுவிட்டுக் குடோன் வாசலில் உட்கார்ந்திருந்தேன். வடக்கே மரக்காணத்துக் கலங்கரை விளக்கம் வெயிலில் கரைந்துபோய்ப் பாதிதான் தெரிந்தது. காற்று நின்றுவிட்டது. பாத்திகளின் வெள்ளை மெல்ல ஈய நிறத்துக்கு மாறியது. மழைக்கு முன்னால் அந்த இடத்துக்கு வருகிற அமைதி என்னை எப்போதும் தாலாட்டும். அன்றும் கண் சொக்கியது. ஷாகிரா என் தோளை உலுக்கினாள்.

"மேடம், மின்னல பாருங்க."

வானத்தை இல்லை, அவள் லேப்டாப்பைப் பார்க்கச் சொன்னாள். கழுவெளி ஏரிப் பக்கமிருந்து மின்னல்கள் ஒவ்வொன்றாக எங்களை நோக்கி நகர்ந்து வந்துகொண்டிருந்தன. அதே நேரத்தில் ஸ்பீக்கர் பேச ஆரம்பித்தது. மழை வருது, மழை வருது.

பாத்தி ஓரமாக நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் எழுந்தார்கள். எழுந்து குடோனுக்கு வரவில்லை. தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு அளத்தின் நடுவுக்கு ஓடினார்கள். நடுவில்தான் உப்பு குவிந்திருந்தது. அங்கே அவர்களைச் சுற்றி ஒரு மரம் இல்லை, ஒரு சுவர் இல்லை. அந்தத் தட்டையான வெளியில் உயரமாக நிற்கிற உயிர்கள் அவர்கள் மட்டும்தான். மின்னலுக்கு வேறு எதுவும் தேவையில்லை.

நான் மைக்கைப் பிடுங்கி "எல்லாரும் வெளியே வாங்க, மின்னல் வருது" என்று கத்தினேன். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் நிற்கவில்லை. ஷாகிரா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வரப்பில் ஓடினாள். பெண்களுக்கு மேஸ்திரியாக இருந்த அஞ்சலை என்பவரின் கையைப் பிடித்து இழுத்தாள். அஞ்சலை நாற்பது வயதுக்காரி, கட்டையான உடம்பு, அசைக்க முடியவில்லை. அவர் பதில் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. ஷாகிரா மூச்சு வாங்கத் திரும்பி வந்துதான் சொன்னாள்.

"'உப்பு உங்களுதா? நாளைக்கு மொதலாளி கேட்டா நீங்களா வந்து பதில் சொல்லுவீங்க?'ன்னு கேக்கறாங்க மேடம்."

எனக்குப் பயம் என்றே சொல்லிவிடுகிறேன். ஸ்பீக்கரை நிறுத்தலாமா என்று கை போனது. நிறுத்தி என்ன ஆகும்? மழை வருவது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. இன்னும் சத்தமாகக் கத்தலாமா? எவ்வளவு கத்தினாலும் நான் கருவி துடைக்க வந்த ஒருத்தி. உப்பை விட்டுவிடு என்று சொல்கிற உரிமை அந்த வெளியில் எனக்குக் கிடையாது. அது ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அவருக்கு போன் போட்டேன்.

தணிகாசலம் திண்டிவனத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். பின்னால் நாதஸ்வரம் கேட்டது. எடுத்ததும் அவர் கேட்டது, "மெசேஜ் வந்துச்சு மேடம். மூடிட்டாங்களா?"

"இன்னும் இல்லைங்க. மின்னல் ரொம்பக் கிட்ட வந்துடுச்சு. எல்லாரும் நடு அளத்துல நிக்கறாங்க. நான் சொன்னா வர மாட்டேங்கறாங்க. நீங்க சொன்னாதான் வருவாங்க."

"எவ்ளோ உப்பு தொறந்து கெடக்குது?" என்றார்.

"பாக்கலைங்க. பாக்கவும் மாட்டேன். ஆளுங்களதான் பாத்துட்டு இருக்கேன்."

ஒரு பெரிய மூச்சு வந்தது. "மைக்குல வைங்க."

போனை மைக்குக்கு முன்னால் பிடித்தேன். கொரகொரவென்று அவர் குரல் குழாயிலிருந்து கிளம்பி அளம் முழுக்கப் பரவியது. "அஞ்சலை, நான்தான் பேசறேன். உப்பு போவட்டும், வுடு. எல்லாரையும் கூட்டிக்கினு வெளிய வா. கூலியெல்லாம் புடிக்க மாட்டேன்."

அஞ்சலை கையிலிருந்த தார்ப்பாயைக் கீழே போட்டார். ஒருத்தர் பின்னால் ஒருத்தராக வரப்பின் மேல் நடந்து வந்தார்கள். ஓடவில்லை. வழுக்கும் என்பதால் நடந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வானம் கருத்துக்கொண்டே வந்தது. கடைசி ஆள் குடோனுக்குள் நுழைகிற வரை நான் தலைகளை எண்ணிக்கொண்டே நின்றேன். அப்புறம் மழை கொட்டியது. வாசலில் நின்று பார்த்தோம். வெள்ளைக் குவியல்கள் ஓசையில்லாமல் சிறுத்துக்கொண்டே போயின. அது பார்க்க அழகாக இருந்தது. அப்படி நினைத்ததற்காக எனக்கு வெட்கமாகவும் இருந்தது.

கதைக்காக, அன்று மின்னல் அந்த இடத்திலேயே விழுந்தது என்று நான் சொல்லலாம். விழவில்லை. எங்கோ தண்ணீருக்குள் போய் விழுந்தது. மறுநாள் காலையில் தணிகாசலம் கரைந்த உப்பின் ஓரத்தில் நின்றுகொண்டு என்னைக் கேட்டார். "நேத்து அளத்துல மின்னலே வுழலியாமே மேடம்?"

இந்தக் கேள்வியை உங்களிடமும் கேட்பார்கள். அனுப்பிய எச்சரிக்கையால் எதுவும் நடக்காமல் போனால், எதுவும் நடக்கவில்லையே, எதற்கு அனுப்பினாய் என்பார்கள். அன்று நான், "ஆமாங்க, வுழல" என்று மட்டும் சொன்னேன். இந்தத் தடவை அவர் நண்டு கொடுக்கவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது ஷாகிரா மடியில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வரிகூட எழுதாமல் வந்தாள். கூனிமேடு நெருங்கும்போது, "நாம மழைன்னு சொன்னோம். அவங்க காதுல உப்புன்னு வுழுந்துருக்கு" என்றாள். பிறகு, "அவங்க மேல தப்பே இல்ல மேடம். மழைன்னு சொன்னா மூடணும்னுதான் மொதலாளியே இத வெச்சாரு" என்றாள்.

நாங்கள் வழியை மாற்றினோம். மின்னல் தனி ஈவென்ட். மின்னல் கிட்டத்தில் இருந்தால் மழைச் செய்தி அளத்துக்குப் போகவே கூடாது. முதலாளிக்கு மட்டும் போகும். ஒரு செய்தியை எங்கெங்கே அனுப்புவது என்று யோசித்தே பழகியவர்களுக்கு, எங்கே அனுப்பாமல் இருப்பது என்று எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. இதுவரை செய்தது சுலபம். அடுத்ததுதான் சிக்கல். மின்னல் வந்தால் ஸ்பீக்கரில் பேச வேண்டியது ஷாகிராவின் குரல் இல்லை. முதலாளியின் குரல். கல்யாண வீட்டில் அவர் போனை எடுக்காத ஒருநாள் வரத்தான் செய்யும். முன்கூட்டியே பதிவு செய்து வைக்க வேண்டும்.

தணிகாசலம் ஒரேயடியாக மறுத்துவிட்டார். "என் கொரல மெசின்ல வெச்சிட்டா அது அப்பப்ப என் உப்ப வுட்டுடும் மேடம். உப்ப வுடறதா வேணாமான்னு நான்தான் சொல்லணும்." அவர் கெட்ட மனிதர் இல்லை. மழைக்கு ஒரு தடவை பறிகொடுத்தால் அடுத்த கோடை வரை எழுந்திருக்க முடியாத தொழில் அது. நான் கெஞ்சினேன், வரைபடம் காட்டினேன், கோபப்பட்டேன். எதுவும் ஆகவில்லை.

கடைசியில் அஞ்சலைதான் குடோன் வாசலில் வைத்துப் பேசினார். குரலை உயர்த்தவே இல்லை. "அந்தக் கொரல் இல்லன்னா நாங்க காலைல மேகத்தப் பாத்துட்டு வூட்லயே இருந்துக்கறோம் மொதலாளி. மேகம் கலைஞ்சப்பறம் வர்றோம்."

"ஏம்மா, அதுக்குள்ள உப்பு யாரு வார்றது?"

"அதத்தான் நாங்களும் கேக்கறோம்."

அன்றே பதிவு செய்தோம். தணிகாசலம் குடோனுக்குப் பின்னால் நின்று பேசினார். முதல் தடவை ஈசிஆரில் போன லாரி ஹாரன் அடித்துக் கெடுத்தது. இரண்டாவது தடவையும் லாரி. மூன்றாவது தடவை பேசி முடிக்கிற நேரத்தில் அவருடைய போனே அடித்தது. நான்காவது தடவை எரிச்சலோடு, "நான்தான் பேசறேன். உப்பு போவட்டும், வுடுங்க. கூலி புடிக்க மாட்டேன். எல்லாரும் வெளிய வாங்க. வாங்கன்னா வாங்க" என்று முடித்துவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார். ஷாகிரா அந்தக் கோபத்தை அப்படியே விட்டுவிட்டாள். நன்றாகச் செய்தாள்.

நான் ஓய்வு பெறுவதற்கு முன்னால் கடைசியாக அங்கே போனது மறு கோடையில். யாரையும் பார்க்க என்று போகவில்லை. அந்த வெள்ளையை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் ஷாகிராவோடு கிளம்பினேன். மத்தியானத்துக்கு மேல் காற்று நின்றது. பாத்திகள் ஈய நிறமாயின. ஸ்பீக்கரில் தணிகாசலம் பேசினார். உப்பு போவட்டும், வுடுங்க. பெண்கள் உப்பு வாருகிற பலகைகளைப் போட்டுவிட்டு வரப்பில் நடந்து வந்து குடோனுக்குள் உட்கார்ந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அஞ்சலை எனக்கும் வெற்றிலை நீட்டினார். அவ்வளவு அமைதியாக ஒரு ஈவென்ட் போய்ச் சேர்ந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு மறுபடி கண் சொக்கியது.

அப்போது ஒரு மோட்டார் பைக் வந்து நின்றது. தணிகாசலம். மழைச் செய்தி அவருக்கு மட்டும்தானே போகும், நாங்கள் அப்படித்தானே எழுதியிருந்தோம். குடோன் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கிடந்த தார்ப்பாயை இழுத்துக்கொண்டு தனியாக நடு அளத்துக்கு ஓடினார்.

ஷாகிரா எழுந்தாள். நானும் எழுந்தேன். மைக் இருந்தது. ஆனால் அவரிடம் உப்பை விடச் சொல்ல இந்த உலகத்தில் யார் இருக்கிறார்கள்? நாங்கள் யாருக்கு போன் போடுவோம்?

அடுத்த மின்னல் வெட்டியது. கம்பத்தில் இருந்த கருவி தன் வேலையைச் செய்தது. "நான்தான் பேசறேன்" என்றது ஸ்பீக்கர்.

அந்த வெள்ளை வெளியின் நடுவில் அவர் நின்றுவிட்டார். தார்ப்பாயின் ஒரு நுனி கையில் இருந்தது. மறுநுனி காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. தலையைத் தூக்கிக் குழாயையே பார்த்தார்.

"உப்பு போவட்டும், வுடுங்க. கூலி புடிக்க மாட்டேன். எல்லாரும் வெளிய வாங்க. வாங்கன்னா வாங்க."

அஞ்சலை குடோன் வாசலுக்குப் போய் இரண்டு கைகளையும் வாயில் குவித்துக்கொண்டு கூப்பிட்டார். "மொதலாளி, உங்களத்தான் கூப்புடறாங்க."

தணிகாசலம் தார்ப்பாயை விட்டார். அது கொஞ்ச தூரம் பறந்து தண்ணீரில் படிந்தது. வரப்பில் நடந்து வந்தார். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. நனைந்துபோய் உள்ளே வந்ததும் அஞ்சலை நகர்ந்து இடம் விட்டார். பெண்களுக்கு நடுவில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினார். வெளியே உப்பு கரைந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கர் மறுபடி ஆரம்பித்தது.

"அத நிறுத்துங்க மேடம்," என்றார். "அதான் வந்துட்டேன்ல."

"மின்னல் போனாதாங்க நிக்கும்," என்றாள் ஷாகிரா.

மழை விடும்வரை நாங்கள் எல்லோரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். யாரும் இல்லாத அளத்தைப் பார்த்து அவருடைய குரல் வாங்க, வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.